ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு டிகிரி

டொராண்டோ குளிர்காலத்தைப் பற்றி ஊரிலிருந்து யார் விசாரித்தாலும் ஸ்னோவைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். எத்தனை அடி கொட்டும், எப்படி நடப்பீர்கள், காரை எப்படி வெளியே எடுப்பீர்கள் என்று. கேட்பது நியாயம்தான், படங்களில் பார்ப்பது அதைத்தானே. ஆனால் இங்கே சில குளிர்காலங்களைத் தாண்டியவர்களிடம் எதற்குப் பயம் என்று கேட்டால் பதில் வேறாக வரும். ஸ்கார்பரோவில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பல வருஷம் முன்னால் வந்தவர். முதல் குளிர்காலத்திலேயே என்னிடம் சொல்லிவிட்டார்: "தம்பி, ஸ்னோ எண்டால் பயமில்லை, அள்ளிப் போட்டிட்டுப் போகலாம். உந்த ஐஸ் மழைதான் கூடாது."

அவர் ஐஸ் மழை என்று சொன்னது வானிலை அறிக்கையில் ஃப்ரீசிங் ரெயின் என்று வருவது. நான் உறைமழை என்று எழுதுகிறேன். பார்ப்பதற்குச் சாதாரண மழை. விழும்போது தண்ணீர், தொட்ட இடத்தில் ஐஸ். ஏன் இப்படி ஒன்று இருக்கிறது, வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும்போது ஸ்னோவாகத்தானே விழ வேண்டும் என்ற கேள்வி என்னை விடவேயில்லை. தேடிப் படிக்கப் படிக்க, தெருவில் தெரியும் எல்லாவற்றுக்கும் காரணம் தலைக்கு மேலே ஒன்றிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது என்பது புரிந்தது. வீட்டு வாசலில் மாட்டிய வெப்பமானியைப் பார்த்து ஸ்னோவா மழையா என்று முடிவு செய்கிறோம். அது சொல்வது காற்றின் கடைசி இரண்டு மீட்டரை மட்டும்தான்.

முதலில் மேகத்திலிருந்து தொடங்கலாம். தண்ணீர் 0 டிகிரியில் உறையும் என்று பள்ளியில் படித்தோம். மேகத்தில் இருக்கும் நுண்துளிகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு துளியின் விட்டம் சுமார் 0.02 மில்லிமீட்டர். அவ்வளவு சின்னத் துளி, அதுவும் சுத்தமான தண்ணீர், மைனஸ் 10 ஆனாலும் மைனஸ் 20 ஆனாலும் திரவமாகவே இருக்க முடியும். எந்த உதவியும் இல்லாமல் தானாக உறைவதற்கு மைனஸ் 38 டிகிரி வரை போக வேண்டும். அதற்கு முன்னால் உறைய வேண்டுமென்றால் ஒரு விதை வேண்டும்: களிமண் தூசி, சில வகைப் பாக்டீரியா, அல்லது ஏற்கெனவே உறைந்த ஒரு ஐஸ் துணுக்கு. இப்படி உறைநிலைக்குக் கீழேயும் திரவமாக நிற்கும் தண்ணீரை அதிகுளிர் நீர் என்று சொல்லலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாமே இதைச் சுற்றித்தான் வரும்.

அப்படிப்பட்ட துளிகள் நிறைந்த மேகத்துக்குள் ஒரு சின்ன ஐஸ் படிகம் உருவாகிவிட்டால் என்ன ஆகும்? இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் ஸ்வீடனைச் சேர்ந்த வானிலையாளர் டோர் பெர்ஜெரான். 1922-ல் ஆஸ்லோவுக்கு மேலே வோக்சென்கோலன் குன்றில் தங்கியிருந்தபோது, ஊசியிலைக் காட்டு வழியாக நடக்கையில் ஒன்றைக் கவனித்தார். வெப்பநிலை 0-க்கு மேலே இருந்த நாட்களில் மூடுபனி மரங்களுக்கிடையே தரை வரை இறங்கியது. நன்றாகக் குளிர்ந்து மைனஸுக்குப் போன நாட்களில் பாதையில் மூடுபனியே இல்லை, மேலே மட்டும் நின்றது. மரக்கிளைகளில் படிந்திருந்த உறைபனி, காற்றிலிருந்த நீராவியை இழுத்துக்கொண்டு மூடுபனியைக் கரைத்துவிட்டது என்று யோசித்தார். ஒரே வெப்பநிலையில் தண்ணீரைவிட ஐஸ் நீராவியை இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. அதனால் துளிக்குப் போதுமானதாக இருக்கும் ஈரப்பதம் ஐஸுக்கு மிதமிஞ்சிய ஈரப்பதம். துளிகள் ஆவியாகிச் சுருங்க, படிகம் அந்த ஆவியைத் தின்று வளரும். காட்டில் கிளை செய்த வேலையைத்தான் மேகத்தில் படிகம் செய்கிறது. ஒரு மழைத்துளிக்குச் சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் வேண்டும். அவ்வளவையும் ஒன்று சேர்க்க இது ஒரு வேகமான வழி.

நம் ஊர் மழைக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையில் சித்திரை வைகாசியில் மாலை நேரம் இடி மின்னலோடு கொட்டுகிறதே, அந்த மேகங்கள் 10 கிலோமீட்டருக்கு மேலே போகின்றன. நம் பக்கம் 0 டிகிரிக் கோடு சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே இருப்பதில் பெரும்பகுதி ஐஸும் அதிகுளிர் நீரும்தான். மொட்டைமாடியில் வந்து விழும் பெரிய துளிகளில் நிறைய, மேலே ஐஸாக இருந்து வழியில் உருகியவை. சில நேரம் முழுவதும் உருகாமல் ஆலங்கட்டியாக வந்து சேரும்.

சரி, படிகத்துக்கு வருவோம். அது எந்த வடிவத்தில் வளரும் என்பதை முக்கியமாக வெப்பநிலை முடிவு செய்கிறது, அப்புறம் ஈரப்பதம். ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் உக்கிச்சிரோ நகாயா என்ற இயற்பியலாளர் இதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். படிகம் தொற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். எத்தனையோ இழைகளை முயன்றுவிட்டுக் கடைசியில் முயல் முடியின் நுனியில் 1936-ல் செயற்கை ஸ்னோ படிகத்தை வளர்த்தார். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு வரைபடமே போட்டார். 0-க்குச் சற்றுக் கீழே தட்டையான தகடுகள். மைனஸ் 5 பக்கம் ஊசிகளும் தூண்களும். மைனஸ் 15 பக்கம், ஈரம் நன்றாக இருந்தால், கிளை விரித்த ஆறுமுனை நட்சத்திரங்கள்.

கறுப்புக் கம்பளிக் கோட்டுக் கையை நீட்டி நின்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காற்றில்லாத, மைனஸ் 8 போல இருக்கும் நாள் நல்லது. நட்சத்திரம் ஒன்று நூலிழை மேல் உட்காரும், ஆறு கிளை, ஒவ்வொரு கிளையிலும் பக்கக் கிளைகள், நடுவில் ஒரு சின்ன அறுகோணத் தகடு. அந்தத் தகடு முதலில் வளர்ந்தது. கிளைகள் பின்னால் வேறு வெப்பநிலையில், வேறு ஈரத்தில் வளர்ந்தவை. சில நாட்களில் நட்சத்திரமே வராது, நறுக்கிய நூல் துண்டுகள் போல ஊசிகள் மட்டும் விழும். அன்றைக்கு மேகம் மைனஸ் 5 பக்கம் இருந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். எனக்கு இதில் சலிப்பே வருவதில்லை.

படிகம் மேகத்தை விட்டு இறங்குகிறது. ஸ்னோ விழும் வேகம் விநாடிக்குச் சுமார் 1 மீட்டர். 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வர ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அந்தப் பயணத்தில் சந்திக்கும் காற்றுதான் அதன் தலையெழுத்து.

வழி முழுக்க 0-க்குக் கீழே இருந்தால் ஸ்னோவாகவே வந்து சேரும். தரைப்பக்கம் கொஞ்சம் சூடாக இருந்தாலும் காற்று வறண்டிருந்தால் பிழைத்துக்கொள்ளும். மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகும்போது படிகமும் சுற்றியிருக்கும் காற்றும் குளிர்கின்றன. பிளஸ் 2 காட்டும் நாளில் ஸ்னோ விழுவது இதனால்தான். தரைப்பக்கச் சூடு ஆழமாக இருந்தால் உருகி மழையாகும். இதுவரை எளிது.

சிக்கல், சூடான காற்று நடுவில் புகும்போது வருகிறது. மேலே குளிர், நடுவில் சூடு, தரையில் மறுபடி குளிர். தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று, தரையோடு கிடக்கும் கனமான குளிர்காற்றைத் தள்ள முடியாமல் அதன் மேல் ஏறி வரும். குளிர்காற்று கதவுக்கு அடியில் செருகிய ஆப்பு போல, தெற்கே மெலிந்தும் வடக்கே தடித்தும் கிடக்கும். அந்தச் சூடான அடுக்கு பெரும்பாலும் தரையிலிருந்து ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்.

முன்னறிவிப்பாளர்கள் வைத்திருக்கும் ஒரு குத்துமதிப்பான கணக்கு இது: நடு அடுக்கின் உச்ச வெப்பநிலை 1 டிகிரிக்குள் இருந்தால் படிகம் ஓரத்தில் மட்டும் கசிந்து, கீழே வந்ததும் ஸ்னோவாகவே மீளும். 1 முதல் 3 டிகிரி என்றால் பாதி உருகும், நடுவில் ஒரு ஐஸ் துணுக்கு மிஞ்சும். அந்தத் துணுக்கே விதையாகி, கீழே உள்ள குளிர் அடுக்கில் துளி முழுவதும் மறுபடி உறைந்து ஐஸ் குருணையாக விழும். 3 டிகிரிக்கு மேலே போனால் முழுவதும் உருகிவிடும். விதை இல்லை. கீழே மைனஸ் 3, மைனஸ் 4 அடுக்கில் சில நூறு மீட்டர் விழுந்தாலும் அது உறைய வழியில்லை. அதிகுளிர் நீராகவே வந்து கிளையையோ கம்பியையோ படிக்கட்டையோ தொடுகிறது. தொட்ட இடம் விதையாகிறது. உறைமழை என்பது இதுதான்.

ஸ்னோ அள்ளும் காலையா, படிக்கட்டில் கால் வைக்க முடியாத காலையா என்பதை அந்த ஒன்றிரண்டு டிகிரி முடிவு செய்கிறது. தரையில் நிற்கும் நமக்கு இரண்டு நாளும் மைனஸ் 3 என்றே காட்டும்.

இந்த ஆப்பு ஒரே புயலில் நம்மைக் கடந்து நகர்வதால், ஒரே தெருவில் எல்லாமே வரிசையாக வரும். காலையில் ஸ்னோ. கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் அரிசி வீசியதுபோல் சடசடவென்று சத்தம், அது குருணை. அப்புறம் சத்தம் அடங்கும், உறைமழை. மாலையில் சாதாரண மழை. இடத்திலும் அதே வரிசை உண்டு. ஏரிக்கரையில் மழை, அதற்கு வடக்கே 401 நெடுஞ்சாலைப் பக்கம் உறைமழை, இன்னும் வடக்கே பேரி ஊரில் ஸ்னோ என்று ஒரே நேரத்தில் இருந்த நாட்கள் உண்டு. ஒன்டாரியோ ஏரி முன்குளிர்காலத்தில் இன்னும் சூட்டை வைத்திருக்கும், அதன் ஓரத்தில் ஆப்பு கரைந்துவிடும்.

குருணையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சில மில்லிமீட்டர் இருக்கும், கெட்டி, தரையில் பட்டால் துள்ளும். பல குருணைகளில் ஒரு பக்கம் சின்னப் புடைப்பு தெரியும். துளி வெளியிலிருந்து உள்ளே உறைகிறது. முதலில் ஓடு கட்டிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீர் உறையும்போது விரிவதால், ஓடு விரிசல்விட்டு உள்ளிருப்பது பிதுங்கும். கோடையில் விழும் ஆலங்கட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆலங்கட்டி, இடிமேகத்தின் பலமான மேலேறும் காற்றில் நின்று, அதிகுளிர் நீரைச் சேர்த்துச் சேர்த்துப் பெரிதாவது. குருணையோ ஒரு மழைத்துளி அளவைத் தாண்டாது. இன்னொன்று க்ராப்பல். ஸ்னோ படிகத்தின் மேல் அதிகுளிர் நுண்துளிகள் ஒட்டி ஒட்டி, படிகத்தின் வடிவமே மறைந்து வெள்ளை உருண்டையாகிவிடும். ஜவ்வரிசி அளவு இருக்கும், விரலால் அழுத்தினால் பொடியாகும். ஊட்டியில் மார்கழி தை விடியலில் புல்லை வெள்ளையாக்கும் உறைபனி எந்த மேகத்திலிருந்தும் விழுவதில்லை. காற்றின் ஈரம் குளிர்ந்த புல்லின் மேலேயே நேராக ஐஸாகப் படிகிறது.

உறைமழைக்குத் திரும்புகிறேன், எனக்குச் சொல்ல வேண்டியது அதில்தான் அதிகம் இருக்கிறது.

மைனஸ் 4 டிகிரித் துளி ஒன்று கிளையில் விழுகிறது. உடனே முழுவதும் உறைந்துவிடும் என்றுதான் தோன்றும். அப்படி நடப்பதில்லை. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. மைனஸ் 4-லிருந்து 0-க்கு ஏற அதற்குத் தேவை வெறும் 4 கலோரி. ஆக, துளியில் இருபதில் ஒரு பங்கு உறைந்ததுமே மிச்சம் 0 டிகிரிக்கு ஏறி நின்றுவிடும். அந்த மிச்சம் காற்றுக்குச் சூட்டைக் கொடுத்துக் கொடுத்து மெதுவாகத்தான் உறைய வேண்டும். அதற்குள் அது கிளையைச் சுற்றி வழிகிறது, பரவுகிறது, அடியில் சொட்டி ஊசியாகத் தொங்குகிறது. காற்றுக்குமிழிக்கு இடமில்லாததால் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். எங்கள் வாசல் மேப்பிள் மரத்தில் ஒருமுறை பார்த்தேன்: பென்சில் அளவு கிளை, அதைச் சுற்றிப் பெருவிரல் தடிமனுக்கு ஐஸ், உள்ளே அடுத்த வசந்தத்துக்கான மொட்டின் சிவப்புச் செதில்கள்கூடத் தெரிந்தன. தார்ச்சாலையில் இதே தெளிவு ஆபத்து. ஈரமான தார் மாதிரியே தெரியும். பிளாக் ஐஸ் என்கிறார்களே, அது.

எடையைக் கணக்குப் போடுவோம். 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள மின்கம்பியைச் சுற்றி 3 சென்டிமீட்டர் ஐஸ் படிந்தால், ஒவ்வொரு மீட்டரிலும் 5 கிலோவுக்கு மேல் கூடுதல் பாரம். இரண்டு கோபுரங்களுக்கிடையே 300 மீட்டர் என்றால் ஒரே கம்பியில் ஒன்றரை டன். காற்றடித்தால் அத்தனையும் ஆடும்.

1998 ஜனவரியில் கியூபெக்கிலும் கிழக்கு ஒன்டாரியோவிலும் நடந்தது அதுதான். ஜனவரி 5 முதல் 10 வரை விட்டு விட்டு உறைமழை, இடையிடையே குருணை. மொன்றியலில் மொத்தம் சுமார் 100 மில்லிமீட்டர், கிழக்கு ஒன்டாரியோவின் கார்ன்வாலில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். சுமார் ஆயிரம் இரும்புக் கோபுரங்கள் மடங்கின, பல்லாயிரம் மரக்கம்பங்கள் ஒடிந்தன. ஒரு கோபுரம் சாய்ந்தால் கம்பியின் இழுப்பு அடுத்ததையும் சாய்த்தது, அப்படியே வரிசையாக. லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது. மொன்றியலுக்குத் தெற்கே சில ஊர்களில் வாரக்கணக்கில் வரவில்லை. செயின்ட்-ஹியாசிந்த், கிரான்பி, செயின்ட்-ஜான் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதிக்குக் கறுப்பு முக்கோணம் என்று பேரே வந்தது. 15,000-க்கும் மேற்பட்ட ராணுவத்தினர் இறங்கினார்கள். அதன் பிறகு, ஒன்று விழுந்தால் வரிசை முழுவதும் விழாதபடி இடையிடையே அதிக வலுவுள்ள கோபுரங்களை நிறுத்தினார்கள்.

அவ்வளவு நாள் எப்படி நீடித்தது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வியாக இருந்தது. ஏனென்றால் உறைமழை தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் இயல்புடையது. மேலே ஸ்னோ உருகும்போது சூடான அடுக்கிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, அந்த அடுக்கு குளிர்கிறது. கீழே துளி உறையும்போது அந்த 80 கலோரி வெளிவருகிறது, தரைப்பக்கக் காற்று சூடாகிறது. இரண்டு அடுக்கும் 0-வை நோக்கி நகரும். சில மணி நேரத்தில் ஒன்று ஸ்னோவாக மாறும், இல்லையென்றால் மழையாகும். 1998-ல் இரண்டு அடுக்குக்கும் வெளியிலிருந்து சப்ளை தொடர்ந்தது. மேலே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமும் சூடுமான காற்று வந்துகொண்டேயிருந்தது. வடக்கே அசையாமல் நின்ற உயரழுத்தம் குளிர்காற்றை அனுப்பிக்கொண்டேயிருந்தது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஒரு வாய்க்கால் போலக் கிடப்பதால், குளிர்காற்று அதன் வழியே மொன்றியல் வரை வந்து தேங்கியது. மொன்றியலில் சாதாரணக் குளிர்காலங்களிலும் உறைமழை அதிகம் இருப்பதற்கு அந்தப் பள்ளத்தாக்குதான் காரணம்.

டொராண்டோவில் 2013 டிசம்பர் 21, 22-ல் வந்ததை இங்குள்ள தமிழர்களில் பலர் இன்னும் பேசுவார்கள். நகரில் மட்டும் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன, கிறிஸ்துமஸைத் தாண்டியும் இருட்டில் இருந்தவர்கள் உண்டு. மழை நின்ற பிறகு குளிர் இன்னும் இறங்கியதால் ஐஸ் உருகவில்லை. நாட்கணக்கில் மரங்கள் அந்தப் பாரத்தோடு நின்றன, சரிசெய்த கம்பியின் மேலேயே அடுத்த கிளை விழுந்தது.

இவ்வளவு தெரிந்தும் முன்னறிவிப்பு ஏன் தடுமாறுகிறது என்று கேட்பவர்களுக்கு: அந்த நடு அடுக்கை அளப்பது சுலபமில்லை. உலகம் முழுவதும் ஒரு நாளைக்கு இரண்டு முறை பலூன் விடுகிறார்கள், வெப்பநிலையை அளந்தபடி மேலே போகும். டொராண்டோவுக்குக் கிட்டே இருக்கும் பலூன் நிலையம் ஏரிக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் பஃபலோவில். இரண்டு பலூன்களுக்கு நடுவே 12 மணி நேரம். அதற்குள் சூடான அடுக்கு 2 டிகிரியிலிருந்து 4 ஆகிவிடலாம். நகரத்துக்கு வடக்கே கிங் சிட்டியில் இருக்கும் ரேடார் கொஞ்சம் கைகொடுக்கும். பாதி உருகிய ஸ்னோவின் மேல் தண்ணீர்ப் பூச்சு இருப்பதால் ரேடாருக்கு அது மிகப் பிரகாசமாகத் தெரியும். திரையில் வட்டமாக ஒரு பளிச்சென்ற வளையம் தெரிந்தால், உருகும் அடுக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று கணிக்கலாம்.

ஸ்னோவே இல்லாமல் உருவாகும் உறைதூறலும் உண்டு. மேகத்தின் உச்சி மைனஸ் 10-க்கும் சூடாக இருந்தால் பல நேரம் ஐஸ் விதையே கிடைக்காது. அதிகுளிர் துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து தூறலாக இறங்கும். இதற்குச் சூடான நடு அடுக்கு தேவையே இல்லை. விமானங்களுக்கு இது ரொம்பக் கெட்டது. 1994 அக்டோபர் 31-ல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரோஸ்லான் அருகே ஏடிஆர் ரகப் பயணிகள் விமானம் ஒன்று இப்படிப்பட்ட பெரிய அதிகுளிர் துளிகளுக்குள் வட்டமடித்துக் காத்திருந்தபோது, ஐஸ் நீக்கும் ரப்பர் பட்டைகளுக்குப் பின்னால், அவை எட்டாத இடத்தில் இறக்கையில் ஐஸ் படிந்தது. விமானம் கட்டுப்பாட்டை இழந்து விழுந்தது. அதிலிருந்த 68 பேரும் இறந்துபோனார்கள்.

புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சில வார்த்தை. வெளியே மைனஸ் 2 காட்டி மழை பெய்தால் காரை எடுக்காதீர்கள். குளிர்கால டயர் இதற்கு உதவாது. ஜன்னலில் குருணைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்து, மழை விடாமலேயே சத்தம் மட்டும் நின்றால், மேலே சூடு கூடியிருக்கிறது, உறைமழை தொடங்கியிருக்கலாம். உப்பை ஐஸ் படிவதற்கு முன்னாலேயே படியில் தூவுங்கள், மைனஸ் 10-க்குக் கீழே அது பெரிதாக வேலை செய்யாது, மணல் போடுங்கள். ஐஸ் படிந்த மரத்தின் கீழே நிற்காதீர்கள், அறுந்து தொங்கும் கம்பிக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம். மின்சாரம் போய்ச் சமையல் நின்றுவிட்டால், கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் கொண்டுபோகாதீர்கள். 2013-ல் ஐஸிலிருந்து தப்பியவர்களில் சிலர் குளிருக்காக அதைச் செய்து, கார்பன் மோனாக்சைடு ஏறி மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. அதைக் கண்டுபிடிக்கும் அலாரத்துக்கு இன்றைக்கே புது பேட்டரி போட்டு வையுங்கள்.